வீட்டில் கட்டிய ஜேடிஎம்45 ஆம்ப்: ஊளை நின்றது, விசில் நிற்கவில்லை, ஒரு இஎல்34 சிவக்கிறது

தகரப்பெட்டி:

வணக்கம். மார்ஷல் ஜேடிஎம்45 வால்வு ஆம்பின் சர்க்யூட்டை வைத்து ஒரு கிட்டார் ஆம்ப் கட்டியிருக்கிறேன். முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 சிறு வால்வுகள் (வி1, வி2, வி3; ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பாதி), கடைசியில் கேடி66-க்குப் பதிலாக இரண்டு இஎல்34 பவர் வால்வுகள் (வி4, வி5), ஏசி-யை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் ஜிஇசட்34. சேசிஸ் 2 மி.மீ. அலுமினியம், டரெட் போர்டு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளூரில் சுற்றி வாங்கியது. பிரைமரி 6.6கே (கிலோஓம்), செகண்டரியில் 8 ஓம், 16 ஓம் டேப். ஒயர்களுக்கு நிறக்குறி கிடையாது, எல்லாமே மஞ்சள் ஸ்லீவ்.

முதல் தடவை ஆன் செய்ததும், ஹீட்டர் சூடேறி சுமார் 20 விநாடியில் பெரிய ஊளை. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அப்படியே இருந்தது. வெளியீட்டில் கொஞ்சத்தை எதிர் ஃபேஸில் வி3-க்குத் திருப்பிவிடும் நெகட்டிவ் ஃபீட்பேக் 27கே ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கியதும் நின்றது. அதனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிளேட் (வால்வின் வெளியீட்டு முனை) ஒயர்கள் இரண்டையும் சாக்கெட்டில் இடம் மாற்றிப் போட்டு, 27கே-யைத் திரும்ப இணைத்தேன். அந்த ஊளை போய்விட்டது.

இப்போது இரண்டு தொல்லை. ஒன்று, வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே வி5 சூடாகிறது. நாலைந்து நிமிடத்தில் பிளேட்டின் ஓரம் லேசாகச் சிவக்கிறது. வாசித்தால் ஒவ்வொரு நோட்டோடும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு பொரிச்சல். இரண்டு, கிட்டாரைச் செருகி வால்யூம் 6-க்கு மேல், டிரெபிள் 7-க்கு மேல் வைத்தால் கூர்மையான விசில்.

மீட்டர் அளவுகள்: இஎல்34 பிளேட் 435 வோல்ட், ஸ்கிரீன் 431, பயாஸ் சப்ளை (பவர் வால்வு கிரிட்டுக்கான நெகட்டிவ் வோல்டேஜ்) -38. வி3 பிளேட்கள் 232, 224. வி2 முதல் பாதியின் பிளேட் 178, இரண்டாம் பாதியின் கேத்தோடு 180. வி1 பிளேட்கள் 195, 198. இஎல்34 கேத்தோடுகளில் 1 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது (அதில் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்ப்): வி4-இல் 36 மில்லிவோல்ட், வி5-இல் 58, அதுவும் மெல்ல ஏறுகிறது. ஸ்கிரீன் ரெசிஸ்டர் 470 ஓம். பவர் வால்வுகளுக்கு கிரிட் ஸ்டாப்பர் (கிரிட் என்ற உள்ளீட்டு முனைக்கு முன்னால் வைக்கும் ரெசிஸ்டர்) போடவில்லை; நான் பார்த்த வரைபடத்தில் இல்லை. ஆஸிலோஸ்கோப் என்னிடம் இல்லை. சாக்கெட் பக்கத்துப் படம் மூன்று இணைத்திருக்கிறேன்.

எந்த பார்ட்டை மாற்ற வேண்டும்?

ஐம்பதுஹெர்ட்ஸ்:

இப்போதைக்கு எந்த பார்ட்டையும் மாற்றாதீர்கள். உங்கள் டிசி வோல்டேஜ் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. இது சுற்று (ஃபீட்பேக் லூப்) சம்பந்தப்பட்ட கோளாறு. ஆஸிலேஷன் என்றால் ஒரு ஸ்டேஜின் வெளியீடு எங்கோ சுற்றிக்கொண்டு அதே ஃபேஸில் தன் உள்ளீட்டுக்கே திரும்பி வருகிறது, திரும்பி வரும் அளவும் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தம். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் அந்தச் சுற்று ஓடுகிறது என்று பிடித்துவிட்டால் மீதி வேலை ஒயரை நகர்த்துவதுதான்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிச் சுற்றுகள். வி5 சிவப்பது வால்யூம் பூஜ்யத்திலும் நடக்கிறது, ஆகவே அந்தச் சுற்று வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால்தான். விசில் வால்யூம், டிரெபிள் இரண்டுக்கும் கட்டுப்படுகிறது, ஆகவே அது முன்பகுதியையும் சேர்த்து ஓடுகிறது. முதலில் வி5. வால்வு சாகும் முன் இதை முடிக்க வேண்டும். 435 வோல்ட்டில் 58 மில்லிஆம்ப் என்றால் 25 வாட். இஎல்34 பிளேட்டின் உச்ச வரம்பே அதுதான். ஸ்கிரீன் மின்னோட்டத்துக்காகக் கொஞ்சம் கழித்தாலும், சும்மா நிற்கும்போதே இந்த அளவு என்பது ஆகாது. சோதனை ஒவ்வொன்றையும் 1 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு அணையுங்கள்.

கை வைப்பதற்கு முன்: பிளக்கைப் பிடுங்கி, 10கே 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப் ஒயரால் முதல் ஃபில்டர் கெப்பாசிட்டருக்கும் சேசிஸுக்கும் நடுவே 10 விநாடி பிடித்து வையுங்கள். பிறகு மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்பீக்கரோ 16 ஓம் டம்மி லோடோ இல்லாமல் ஆம்பை ஆன் செய்யக் கூடாது. 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் இரண்டை சீரீஸில் போட்டால் டம்மி லோடு தயார்.

இனி சோதனை. வி4, வி5 இரண்டையும் சாக்கெட் மாற்றிப் போடுங்கள். 58 மில்லிவோல்ட் வால்வோடு சேர்ந்து நகர்ந்தால் வால்வு ஜோடி பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதே சாக்கெட்டில் தங்கினால் ஒயரிங் அல்லது பயாஸ். அடுத்து ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டு வி1, பிறகு வி2, பிறகு வி3 என்று முன்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, கேத்தோடு மில்லிவோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் இல்லாமலே வி5 ஏறி நின்றால் கோளாறு கடைசி ஸ்டேஜுக்குள்ளேயே இருக்கிறது.

பின் 5-இல் (இஎல்34-இன் கிரிட்) டிசி அளக்கவும் வேண்டும். வி4-இல் -38 இருந்து வி5-இல் -30 போல இருந்தால், வி3-இலிருந்து வரும் 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் டிசி-யைக் கசிய விடுகிறது. அதற்கும் ஆஸிலேஷனுக்கும் சம்பந்தமில்லை, கெப்பாசிட்டரை மாற்றினால் சரி. அப்படி இல்லாமல், மீட்டர் முனை பின் 5-இல் பட்டதுமே கேத்தோடு அளவு குதித்தால் அது ஆஸிலேஷன். மீட்டர் ஒயரின் கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்து சுற்றின் நிலையை மாற்றுவதால்தான் அப்படிக் குதிக்கிறது.

ஸ்கோப் இல்லாவிட்டால் பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று கைகொடுக்கும். ஆம்புக்கு அரை மீட்டர் தள்ளி வைத்து 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஓர் இடத்தில் சீறலோ விசிலோ கேட்டு, ஸ்டாண்ட்பை போட்டதும் அது மறைந்தால் ஆஸிலேஷன் உறுதி. ஒன்றும் கேட்கவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வகைத் திருட்டு ஆஸிலேஷன் பல மெகாஹெர்ட்ஸிலும் ஓடும்.

ஈயப்புகை:

படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன் ப்ரோ. மூணாவது படம். பிளேட் ஒயரை இடம் மாத்தினீங்கல்ல, அதுல வி4-க்குப் போற ஒயர் நேரா வி5 சாக்கெட்டோட பின் 5 மேல ஏறித்தான் போகுது. கிட்டத்தட்ட ஒட்டிக்கிட்டு. அங்கதான் வினையே.

ஏன்னு சொல்றேன். வி5 கிரிட்டுக்கு வி5-ஓட பிளேட் எதிர் ஃபேஸ். அது கொஞ்சம் திரும்பி வந்தாலும் அடக்கத்தான் செய்யும். ஆனா புஷ்-புல்லுல (ரெண்டு பவர் வால்வும் எதிர் எதிர் ஃபேஸ்ல வேலை செய்யறது) வி4-ஓட பிளேட் வி5 கிரிட்டுக்கு அதே ஃபேஸ். அந்த ஒயர் கிரிட் மேல படுத்தா பச்சையா பாசிட்டிவ் ஃபீட்பேக். ஃபீட்பேக் ஊளையைச் சரி பண்ணப் போன இடத்துல புது ஆஸிலேஷனைக் கட்டிட்டீங்க. பிளேட் ஒயர் மாத்துறவங்களுக்கு இது நடக்கறதுண்டு.

பிளேட் ஒயர் ரெண்டையும் பழைய இடத்துக்கே கொண்டு போங்க. ரெண்டையும் ஒண்ணா முறுக்கி, சேசிஸ் ஓரமா, சாக்கெட்டுக்கு வெளிப்பக்கமா விடுங்க. எதிர் எதிர் ஃபேஸ்ல இருக்கறதால முறுக்கினா ஒண்ணோட புலத்தை இன்னொண்ணு பெரும்பாலும் அடிச்சிடும். ஃபீட்பேக் ஃபேஸை வேற இடத்துல மாத்தலாம்: வி3-லேர்ந்து வர்ற ரெண்டு 0.1 மைக்ரோ கெப்பாசிட்டருக்கு அப்புறம் பவர் வால்வ் கிரிட்டுக்குப் போற ஒயர் ரெண்டையும் போர்டு முனையில எடுத்து இடம் மாத்திடுங்க. பலன் அதே. அந்த ரெண்டு ஒயரும் ஒண்ணை ஒண்ணு தாண்டினா ஒண்ணும் ஆகாது, பிளேட் ஒயருக்குப் பக்கத்துல போகாம இருந்தா போதும்.

இன்னும் ரெண்டு விஷயம். இஎல்34-க்கு பின் 1 சப்ரெசர் கிரிட். உங்க சாக்கெட்ல அது காலியாக் கிடக்கு. கேடி66, 6எல்6 வரைபடத்தைப் பார்த்து ஒயர் பண்ணினா இப்படித்தான் விட்டுப் போகும், அதுகளுக்கு அங்க வேலை கிடையாது. பின் 1-ஐயும் பின் 8-ஐயும் (கேத்தோடு) சின்ன கம்பியால சேருங்க, 1 ஓம் ரெசிஸ்டர் அதுக்கப்புறம் வரட்டும். சில லேஅவுட்ல பின் 1-ஐ கிரிட் ரெசிஸ்டருக்குத் தாங்கலா வெச்சிருப்பாங்க. அந்த மாதிரி சாக்கெட்ல இஎல்34-ஐ அப்படியே சொருகிடக் கூடாது, சப்ரெசர்ல பயாஸ் வோல்டேஜ் ஏறிடும். பின் 6-ஐ தாங்கலா வெச்சுக்கலாம்.

கிரிட் ஸ்டாப்பர் போட்டே ஆகணும். 5.6கே அரை வாட், உடம்பு சாக்கெட்டை ஒட்டி, பின் 5 பக்கம் கால் 5 மி.மீ.க்கு மேல இருக்கக் கூடாது. போர்டுல போட்டுட்டு அங்கேர்ந்து பத்து செ.மீ. ஒயர் இழுத்தா போட்டும் போடாத மாதிரி. ஸ்கிரீனுக்கு 470-ஐ எடுத்துட்டு 1கே 5 வாட், அதுவும் சாக்கெட்லயே.

கிரிட்லீக்:

இவ்வளவு பிரிக்க வேண்டாமே. வி2 முதல் பாதியின் 100கே பிளேட் ரெசிஸ்டருக்கு இணையாக 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், வி3-இன் இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் 47 பிகோவை 100 ஆக்குங்கள். இரண்டும் 1 கிலோவோல்ட் செராமிக். பத்து நிமிட வேலை, விசில் போய்விடும்.

ஐம்பதுஹெர்ட்ஸ்:

போகும், ஆனால் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. கணக்கைப் பாருங்கள்: 100கே-யும் 12ஏஎக்ஸ்7-இன் உள் தடையான சுமார் 62கே-யும் இணையாகச் சேர்ந்தால் 38கே. அதோடு 100 பிகோ சேர்ந்தால் வெட்டு 42 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கும். கேட்கும் ஒலிக்கு மேலே ஓடும் ஆஸிலேஷனை இது அடக்கலாம். தகரப்பெட்டி சொல்வதோ காதில் விழும் விசில், சில கிலோஹெர்ட்ஸ்தான் இருக்கும். அதை அடக்க 500 பிகோவுக்கு மேல் போக வேண்டும். அப்போது வெட்டு 8 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்துவிடும், கிட்டாரின் பளபளப்பும் கூடவே போய்விடும். சுற்று அப்படியே உள்ளே இருக்கும், வால்வு மாற்றும் நாளில் மறுபடி எழுந்து உட்காரும். ஒயரிங்கைச் சீராக்கிய பிறகும் ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தால் அந்த 100 பிகோவை வைக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. முதல் மருந்தாக வைக்கக் கூடாது என்கிறேன்.

5.6கே ஸ்டாப்பர் பற்றி ஈயப்புகை சொன்னதை வழிமொழிகிறேன். ஒலி மங்குமோ என்று பயப்பட வேண்டாம். இஎல்34-இன் கிரிட் கெப்பாசிட்டன்ஸ், மில்லர் விளைவையும் (கெயினால் பெருகித் தெரியும் கெப்பாசிட்டன்ஸ்) சேர்த்து, சுமார் 30 பிகோ. 5.6கே-யோடு சேர்ந்து வெட்டுவது 900 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான். கிட்டாருக்கு அங்கே வேலை இல்லை. வரைபடத்தில் இல்லையே என்று கேட்டால், ஜேடிஎம்45-க்கு மூலமான ஃபெண்டர் 5எஃப்6-ஏ பேஸ்மேனில் 5881 வகை வால்வுகள். இஎல்34-இன் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (கிரிட்டில் 1 வோல்ட் மாறினால் எத்தனை மில்லிஆம்ப் மாறும் என்பது) 11 மில்லிஆம்ப்/வோல்ட்டுக்கு மேல். 6எல்6 குடும்பத்தில் ஏறக்குறைய 6. அதிக கெயின் உள்ள வால்வை அதே ஒயரிங்கில் வைத்தால் அது சும்மா இருக்காது.

தகரப்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. முதலில் மாற்றாமல் சோதித்தது: வால்வுகளை இடம் மாற்றியும் 58 மில்லிவோல்ட் வி5 சாக்கெட்டிலேயே நின்றது. வி1, வி2, வி3 மூன்றையும் கழற்றியும் 55-க்கு மேல். பின் 5-இல் மீட்டர் முனை பட்டதும் 58 சட்டென்று 44 ஆனது, எடுத்ததும் மறுபடி ஏறியது. ரேடியோவில் 1100 பக்கத்தில் ஒரு சீறல், ஸ்டாண்ட்பை போட்டதும் காணோம்.

பிறகு ஈயப்புகை சொன்னபடி செய்தேன்: பிளேட் ஒயர் பழைய இடத்துக்கு, முறுக்கி ஓரமாக, கிரிட் பக்க ஒயர் போர்டில் இடமாற்றம், பின் 1–8 இணைப்பு, 5.6கே, 1கே. இப்போது வி4 36, வி5 37. அரை மணி நேரம் ஓடியும் அதே அளவு. பொரிச்சல் சத்தமும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ததால் எது குணமாக்கியது என்று தெரியவில்லை. அது என் தப்புதான்.

விசில் இன்னும் இருக்கிறது. வால்யூம் 7, டிரெபிள் 8-இல் தொடங்குகிறது. கிட்டாரை ஜாக்கிலிருந்து உருவினால் உடனே நிற்கிறது. கிட்டாரின் வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் நிற்கிறது. 27கே-யைத் தூக்கியும் பார்த்தேன், விசில் இன்னும் சீக்கிரமே, வால்யூம் 6-லேயே வருகிறது.

ஐம்பதுஹெர்ட்ஸ்:

நல்ல தகவல்கள். 27கே-யைத் தூக்கியதும் ஒலி கூடியதா? கூடியிருந்தால் ஃபீட்பேக் இப்போது சரியான ஃபேஸில், அதாவது நெகட்டிவாக இருக்கிறது. இணைக்கும்போது ஒலி ஏறினால் தப்பான ஃபேஸ். ஊளை எழாத அளவுக்கு ஃபீட்பேக் குறைவாக உள்ள ஆம்புகளில் இந்தச் சோதனைதான் ஒரே அடையாளம். விசில் சீக்கிரமே வந்தது மொத்த கெயின் ஏறியதால். விசிலின் சுற்றில் 27கே-க்கு வேலையில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஜாக்கை உருவினால் நிற்பது ரொம்ப உபயோகமான துப்பு. காலி ஜாக்கின் ஸ்விட்ச் காண்டாக்ட் வி1 கிரிட்டை எர்த் செய்துவிடுகிறது. கிட்டார் செருகியதும் கிரிட் உயர் தடையில் தொங்குகிறது, அப்போது விசில் வருகிறது. ஆகவே திரும்பி வரும் சிக்னல் வந்து விழும் இடம் உள்ளீட்டு ஜாக்குக்கும் வி1 கிரிட்டுக்கும் நடுவில். இனிக் கண்டுபிடிக்க வேண்டியது அது எங்கிருந்து கிளம்புகிறது என்பது மட்டும்.

ஃபேஸை எண்ணிப் பாருங்கள். வி1 ஒரு தடவை தலைகீழாக்கும், வி2 முதல் பாதி இன்னொரு தடவை. இரண்டு தலைகீழ் சேர்ந்தால் நேர். வி2 இரண்டாம் பாதி கேத்தோடு ஃபாலோயர், அது ஃபேஸை மாற்றாது. எனவே வி2 முதல் பிளேட், ஃபாலோயரின் கேத்தோடு, அதற்குப் பின் வரும் டிரெபிள் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) ஒயர் எல்லாமே வி1 கிரிட்டோடு ஒரே ஃபேஸில் (டோன் ஸ்டாக், அதாவது டிரெபிள், பேஸ் கன்ட்ரோல் பகுதி, அதிர்வெண்ணுக்கு ஏற்ப கொஞ்சம் முன்பின் தள்ளும்). அவற்றில் எது உள்ளீட்டு ஒயருக்குப் பக்கத்தில் ஓடினாலும் ஆபத்து. பவர் வால்வு பிளேட்களில் ஒன்றும் அதே ஃபேஸில்தான் இருக்கும், அங்கே வீச்சு இன்னும் பெரிது.

எவ்வளவு நெருக்கம் போதும் தெரியுமா? 1 பிகோஃபாரட். 10 கிலோஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 16 மெகாஓம். அந்தப் பக்கம் பிளேட்டில் 200 வோல்ட் ஆடினால், இந்தப் பக்கம் 68கே ஸ்டாப்பரும் வி1-இன் நூறு பிகோ சொச்சம் மில்லர் கெப்பாசிட்டன்ஸும் பங்கு போட்டுக்கொண்ட பிறகும் கிரிட்டில் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் விழும். ஆம்பை உச்சத்துக்குத் தள்ள அங்கே சில மில்லிவோல்ட் போதும். விரல் நீளத்துக்கு இரண்டு ஒயர் ஒட்டி ஓடினாலே 1 பிகோவைத் தாண்டிவிடும்.

இப்போது குச்சி வைத்தியம். காய்ந்த மூங்கில் குச்சி, ஒன்றரை ஜாண் நீளம். ஐஸ் குச்சி வேண்டாம், கை உள்ளே போய்விடும். விசில் தொடங்கும் விளிம்பில் கன்ட்ரோல்களை நிறுத்தி, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒயராகக் குச்சியால் தள்ளுங்கள். எந்த ஒயர் நகரும்போது விசிலின் ஸ்ருதி மாறுகிறதோ அதுதான் ஆள். சத்தம் மட்டும் மாறினால் அதைப் பக்கத்து வீடாக வைத்துக்கொள்ளுங்கள். குச்சியால் வி1-ஐத் தட்டும்போது "டிங்" என்று மணி ஓசை வந்து அது நீண்டுகொண்டே போனால் வால்வு மைக்ரோபோனிக், அதாவது அதிர்வையே சிக்னலாக்குகிறது. ஒயரிங்கைப் பார்க்கத் தேவையில்லை, வேறு வால்வு போடுங்கள்.

மழைக்குருவி:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் ஆம்பில் விசில் இல்லை, விநாடிக்கு மூன்று தடவை டப்-டப்-டப் என்று மோட்டார் படகு போல. டிரெபிள் குறைத்தாலும் மாறவில்லை, பேஸ் ஏற்றினால் கூடுகிறது. இதற்கும் ஒயரை நகர்த்தினால் போதுமா?

ஈயப்புகை:

போதாது. அது சப்ளை லைன் வழியா வர்ற சுத்து. முன்பகுதி வால்வும் வி3-யும் ஒரே எச்டி (உயர் வோல்டேஜ்) லைனைப் பகிர்ந்துக்குது, நடுவுல இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ஞ்சு போயிருக்கும், இல்ல எர்த் பக்கம் ஈயம் சரியாப் பிடிச்சிருக்காது. ஆம்பை அணைச்சு டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, நல்ல 22 மைக்ரோ 500 வோல்ட் ஒண்ணை ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டருக்கும் இணையா வெச்சு ஆன் பண்ணுங்க, ஒரு தடவைக்கு ஒரு இடம். எங்க வெச்சா டப்டப் நிக்குதோ அதை மாத்துங்க. வருஷக்கணக்கா கடை அலமாரில கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கை புதுசுன்னு நம்பாதீங்க. வி1-க்கும் வி2-க்கும் நடுவுல சப்ளைல 10கே இருக்கா, ரெண்டுக்கும் ஒரே கெப்பாசிட்டரான்னும் பாருங்க. மேற்கொண்டு தனித் திரியில கேளுங்க ப்ளீஸ், இங்க குழம்பிடும்.

தகரப்பெட்டி:

குச்சி வைத்தேன். ஐம்பதுஹெர்ட்ஸ் சார் சொன்னது அப்படியே நடந்தது. டிரெபிள் பாட்டின் நடுக்காலிலிருந்து வி3-க்குப் போகும் ஒயரைத் தள்ளினால் ஸ்ருதி ஏறி இறங்குகிறது. அழகாக இருக்கட்டும் என்று பாட் ஒயர்களையும் உள்ளீட்டு ஜாக் ஒயர்களையும் ஒரே கட்டாக டை போட்டுக் கட்டியிருந்தேன். சுமார் 15 செ.மீ. தூரம் சேர்ந்து ஓடுகின்றன. 68கே ரெசிஸ்டர்கள் ஜாக்கில்தான் இருக்கின்றன, வி1 சாக்கெட்டில் இல்லை. 27கே-யைத் தூக்கியபோது ஒலி கூடியது, அதையும் கவனித்தேன்.

ஐம்பதுஹெர்ட்ஸ்:

அந்தக் கட்டை வெட்டுங்கள். கேபிள் டை போட்டு ராணுவ அணிவகுப்பு போல ஒயரை அடுக்குவது டிஜிட்டல் பெட்டிக்குச் சரி. வால்வு ஆம்பில் ஒவ்வொரு ஒயரும் தன் வழியில் குறுக்குப்பாதையில் போக வேண்டும்; சந்தித்தே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாக.

உள்ளீட்டு ஜாக்கிலிருந்து வி1 கிரிட் வரை ஷீல்டு ஒயர் போடுங்கள். ஆர்ஜி-174 மெலிதாக வளையும், மீட்டருக்கு 100 பிகோ வாக்கில்தான், 20 செ.மீ. போட்டால் 20 பிகோ, ஒலியில் தெரியாது. ஆனால் அதன் இன்சுலேஷன் சால்டரிங் சூட்டில் சீக்கிரம் உருகும், ஈயத்தை வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஷீல்டை ஜாக் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். வி1 பக்கம் ஷீல்டைப் பின்னால் மடித்து ஸ்லீவ் போட்டு மூடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஹம் லூப் உருவாகும். 68கே இரண்டையும் ஜாக்கிலிருந்து எடுத்து வி1 சாக்கெட்டின் கிரிட் பின்னில் நேரடியாக ஈயம் வையுங்கள். ஒரே சேனலுக்கு இரண்டு ஜாக் இருந்தால் இரண்டு 68கே-யும் சேரும் முனை கிரிட் பின்னாக இருக்க வேண்டும், ஜாக்குகளிலிருந்து தனித்தனி ஷீல்டு ஒயர்.

டிரெபிள் நடுக்கால் ஒயரை ஜாக்குகளுக்கு எதிர்ப்பக்கமாக, சேசிஸில் ஒட்டினாற்போல விடுங்கள். அதற்கு ஷீல்டு அவசியமில்லை, தூரம் போதும். வி2 முதல் பிளேட்டிலிருந்து இரண்டாம் பாதி கிரிட்டுக்குப் போவது சாக்கெட்டிலேயே ஓர் அங்குலக் கம்பியாக முடிய வேண்டும். போர்டு சுற்றி வந்தால் அதுவும் ஒரு ஆன்டெனா.

ஸ்பீக்கர் ஜாக் எங்கே இருக்கிறது? 30 வாட்டில் 16 ஓம் என்றால் அந்த ஒயரில் 22 வோல்ட் ஓடும். ஃபீட்பேக் ஒயர் அங்கிருந்து வி3 வரை வரும் வழியில் வி1-ஐத் தொட்டுக்கொண்டு போனால் இதே நாடகம் திரும்ப நடக்கும்.

ஈயப்புகை:

இந்தத் தடவை ஒண்ணொண்ணா பண்ணுங்க ப்ரோ. மொதல்ல டையை வெட்டி ஒயரைப் பிரிச்சுட்டு விசில் எங்க தொடங்குதுன்னு எழுதி வெச்சுக்குங்க. அப்புறம் 68கே. அப்புறம் ஷீல்டு.

தகரப்பெட்டி:

ஒவ்வொன்றாகவே செய்தேன். டையை வெட்டி ஒயர்களைப் பிரித்ததும் விசில் வால்யூம் 9, டிரெபிள் 10-க்குத் தள்ளிப்போனது. 68கே-யை சாக்கெட்டுக்கு மாற்றியதும் வால்யூம் 10-இல் மட்டும், அதுவும் கையை வி1 பக்கம் கொண்டுபோனால் வருவதுபோல இழுத்தது. ஷீல்டு ஒயர் போட்ட பிறகு எல்லாக் கன்ட்ரோலும் 10-இல் வைத்தும் விசில் இல்லை, கை கொண்டுபோனாலும் இல்லை. ஃபீட்பேக் ஒயர் வி1-இலிருந்து 12 செ.மீ. தள்ளி, பவர் வால்வு பக்கமாகத்தான் போகிறது. கேத்தோடுகள் 36, 37 மில்லிவோல்ட்டிலேயே நிற்கின்றன.

ஒரே ஒரு மிச்சம். பிரசென்ஸ் (ஃபீட்பேக் வழியே உயர் ஒலியைக் கூட்டும் கன்ட்ரோல்) பாட்டைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம். கான்டாக்ட் கிளீனர் அடித்தும் போகவில்லை. திருப்புவதை நிறுத்தினால் சத்தம் இல்லை. இதுவும் ஆஸிலேஷனா?

கிரிட்லீக்:

இல்லை. பாட் கெட்டும் போகவில்லை. இந்தச் சர்க்யூட்டில் 5கே பிரசென்ஸ் பாட் வி3-இன் கேத்தோடு பாதையில் உட்கார்ந்திருக்கிறது, வால்வின் டிசி மின்னோட்டம் அதன் வழியாகவே எர்த்துக்குப் போகிறது. டிசி ஓடும் பாட் திருப்பும்போது கரகரக்கும். பிடிக்கவில்லை என்றால் பாட் இருந்த இடத்தில் நிலையான 4.7கே ரெசிஸ்டரை வைத்துவிட்டு, அதற்கு இணையாக 0.1 மைக்ரோவும் 25கே பாட்டும் சீரீஸில் போடுங்கள். கெப்பாசிட்டர் டிசி-யைத் தடுத்துவிடும், பாட் அமைதியாகும். பாட்டின் திருப்பம் சற்று வேறு மாதிரி உணரப்படும்.

ஐம்பதுஹெர்ட்ஸ்:

அதைப் பிரிக்கும்போதே ஒன்று பார்த்துவிடுங்கள். உள்ளூரில் சுற்றிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்காகப் பிரித்துச் சுற்றப்படாமல் இருந்தால் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (இரண்டு சுருளும் முழுதாக இணையாததால் மிஞ்சும் இண்டக்டன்ஸ்) அதிகமாக இருக்கும். அப்போது காதுக்கு மேலுள்ள அதிர்வெண்களில் ஃபேஸ் திரும்பி, சரியாக இணைத்த 27கே-யே பாசிட்டிவாகிவிடும். டம்மி லோடு போட்டு, வால்யூம் பூஜ்யத்தில், பிரசென்ஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு கேத்தோடு அளவும் அசையாமல் இருந்தால் 27கே அப்படியே இருக்கட்டும். எங்காவது இரண்டு மூன்று மில்லிவோல்ட் குதித்தால் ஃபீட்பேக்கை 16 ஓம் டேப்பிலிருந்து 8-க்கு மாற்றுங்கள், சுமார் 3 டெசிபெல் குறையும். அதற்கும் குதித்தால் 27கே-யை 47கே ஆக்குங்கள்.